பன்னிரண்டு இருபத்திரண்டு

பாபு ராவ் தெரு லாட்ஜின் நான்காம் மாடி.
ஈரத் துணிகளுக்கு நடுவே
முக்காலி நிறுத்த இடம் கேட்டேன்.
"கிரகணத்தைப் படம் புடிக்கவா?" என்றார் முனிரத்தினம்.
"புடிச்சிக்கோங்க. மோட்டாராண்ட மட்டும் போவாதீங்க."

பகலில் நான் நெஞ்சுகளைப் படம் பிடிக்கிறவள்.
இழுங்க, பிடிங்க, விடுங்க.
இந்த மூன்றையும் இந்தியில் சொல்வேன், தெலுங்கில்,
வங்காளத்தில், கொஞ்சம் அசாமியில்.
அந்த மொழிகளில் வேறு ஒன்றும் தெரியாது.

சில வருஷம் முன்பு ஒரு மார்கழிக் காலையில்
சூரியனைப் பிடித்தபோது
தெருவே வந்து பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கேட்டது.
தரவில்லை.
யாரோ ஒருவரின் விலா எலும்பு வழியாகப் பார்த்தால்
கண் போய்விடும் என்றேன்.
கோபித்துக்கொண்டு போனார்கள்.
கோட்டை வெளியில், புங்க மரத்தடியில்
நூறு நூறாகப் பிறைகள் சிதறிக் கிடந்தன.
பொரிகடலை வண்டிக்காரர் சல்லடையை நீட்டினார்:
ஓட்டைக்கு ஒரு சூரியன், எல்லாமே கடிபட்டவை.
நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான்.
அதில் சூரியன் இல்லை.
வண்டிக்காரரின் ஒற்றைச் செருப்பு இருக்கிறது.

இன்று ஒன்பது ஐம்பத்தேழுக்கு
நிலாவின் ஓரத்தில் அழுக்கு ஒட்டியது.
கோட்டைக் கோயில் நடை சாத்தியாயிற்று.
பிரியாணிக் கடை சாத்தவில்லை.
நிலா உச்சியில் நின்றதால்
கேமராத் திரையைப் பார்க்க
மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது, சூடு ஆறாத தளத்தில்.
வெளிச்சமாய் இருக்கும்வரை
நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு போதும்.
முழுக்க மூடியபின் இரண்டு நொடி வேண்டும்.
இரண்டு நொடி என்பது நீளம்.
மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பதினொன்றே காலுக்கு ஒருவர் சட்டை எடுக்க வந்தார்.
மால்டாவிலிருந்து வந்த சாதெகுல்.
ஐந்து வாரம், காய்கறிக் கடைத் தமிழ்:
எவ்ளோ, குறைங்க, நாளைக்கு.
முகம் எனக்குத் தெரிந்தது.
காலையில் நான்காம் அறை வாசலில்
மனைவியின் தாயத்தைக் கையில் பொத்திக்கொண்டு நின்றவர்.
வலப் பக்கம், மேலே,
எலுமிச்சை அளவில்.
முதலில் பார்ப்பவள் நான்தான்.
சொல்பவள் நானில்லை.

திரையில் நிலாவைக் காட்டினேன்.
"ரத்தம்?" என்றார்.
இல்லை, பூமியைச் சுற்றி
இந்த நிமிஷம் எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ
அந்தச் சிவப்பெல்லாம் அங்கே போய் விழுகிறது
என்று எந்த மொழியில் சொல்ல?
"தொம் தோரே ராகுன்" என்றேன். மூச்சைப் பிடிங்க.
சிரித்தார். பிடித்தார்.
பொத்தானை அழுத்தினேன்.
அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் மோட்டாரைப் போட்டார்.
தளம் அதிர்ந்தது.
படத்தில் இரண்டு நிலா, ஒன்றின்மேல் ஒன்று இடித்தபடி.

"இது போகும்?"
மேலே கை காட்டித்தான் கேட்டார்.
மேலேதான் காட்டினார்.
அவர் கைப்பேசியில் எண்களாக அடித்துக் கொடுத்தேன்: 12.22.
"நிச்சயம்?"
நிச்சயம் என்றேன்.
எத்தனை நாள் கழித்து
அந்தச் சொல்லை ஒருவரிடம் சொல்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.
நான்காம் அறையைப் பற்றி அவர் கேட்கவில்லை.
தெரியாமல் கேட்கவில்லையா,
தெரிந்தே கேட்கவில்லையா.
நானும் லென்ஸைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

பன்னிரண்டு பத்துக்குக் காட்பாடிப் பக்கமிருந்து மேகம்.
இருபத்திரண்டுக்கு வானத்தில் எதுவுமே இல்லை.
அவர் மணி பார்த்தார்.
சரி என்று தலையாட்டிவிட்டு,
நடந்து முடிந்ததைக் கண்ணால் கண்டவர்போல,
சட்டைகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மேகம் விலகியபோது பன்னிரண்டு நாற்பது.
ஓரம் வெளுத்திருந்தது.
காட்டலாம் என்று திரும்பினால்
கொடியில் இரண்டு கிளிப்தான்.

முனிரத்தினம் மோட்டாரை மறந்துவிட்டார்.
தொட்டி நிரம்பித் தளமெல்லாம் தண்ணீர்.
அதில் நிலா தெரிந்திருக்கும்.
பார்க்கவில்லை,
பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.